பூனை முடி வீடெல்லாம் கொட்டுகிறதா? மாட்டு உண்ணி மருந்தை மட்டும் தொடாதீர்கள்!

மாசி பாதி தாண்டியதும் வெயில் ஏறத் தொடங்கிவிடுகிறது. சம்பா அறுவடை முடிந்து, விதைக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்துவைத்த நெல் மூட்டைகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. மூட்டை வந்தால் எலி வரும், எலிக்காக வைத்திருக்கும் பூனை மூட்டை மேலேயே ஏறிப் படுத்துக்கொள்ளும். அது எழுந்து போன இடத்தைப் பாருங்கள். சாக்கின் மேல் மெல்லிய படலமாக முடி ஒட்டியிருக்கும். பாயில் முடி, வேட்டியில் முடி, கொடியில் காயும் இட்லித் துணியிலும் முடி. பங்குனி, சித்திரை வந்தால் இது இன்னும் கூடும்.

“பூனைக்கு ஏதோ நோய் வந்துவிட்டது, முடியெல்லாம் கொட்டுது” என்று சொல்லி மருந்து தேடும் விவசாயிகள் பலர். வீட்டில் கைக்கு எட்டும் மருந்து எது? மாட்டுக்கு உண்ணி தெளிக்க வாங்கி வைத்த பாட்டில்தான். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பங்குனி மாதம், இரண்டு வீடு தள்ளி, கறவை மாடுகளுக்கு உண்ணி மருந்து கலந்து துடைத்துவிட்டார்கள். வாளியில் கொஞ்சம் மிச்சம். முடி கொட்டிக்கொண்டிருந்த பூனை அந்தப் பக்கம் வந்தது. “இதுக்கும் உண்ணி இருக்கும் போல” என்று அதே துணியால் பூனையையும் துடைத்துவிட்டார் அந்த வீட்டுப் பெரியவர். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். சாயங்காலம் பூனையின் காது துடிக்க ஆரம்பித்தது, வாயில் எச்சில் ஒழுகியது, ராத்திரி உடம்பெல்லாம் வெட்டி இழுத்தது. விடிவதற்குள் செத்துப்போனது. இதில் வருத்தமான விஷயம், அந்தப் பூனைக்கு எந்த நோயும் இல்லை. பருவத்துக்கு முடி மாற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே முடி கொட்டுவது எப்போது இயல்பு, எப்போது நோய் என்று பார்க்கத் தெரிந்துகொள்வது முதல் வேலை. வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வது அதற்குப் பிறகு.

முடி ஏன் கொட்டுகிறது?

பூனையின் ஒவ்வொரு முடியும் கொஞ்ச காலம் வளரும், பிறகு வளர்ச்சி நின்று வேரில் சும்மா உட்கார்ந்திருக்கும், பிறகு கீழேயிருந்து புது முடி கிளம்பும்போது உதிரும். இந்தச் சுற்றுக்குக் கட்டளை போடுவது வெயிலின் சூட்டை விடப் பகல் நேரத்தின் நீளம்தான். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து மூளை பருவத்தைக் கணக்குப் பார்க்கிறது. பகல் நீளத் தொடங்கினால் குளிருக்கு வைத்திருந்த அடிமுடி தேவையில்லை என்று கழற்றிவிடும்.

பனி விழும் நாடுகளில் கோடைப் பகலும் குளிர்காலப் பகலும் பல மணி நேரம் வித்தியாசப்படும். அதனால் அங்குள்ள பூனைகள் வசந்தத்தில் கொத்துக் கொத்தாக முடியை உதிர்க்கும். நம் ஊரில் அப்படி இல்லை. சென்னைப் பக்கம் ஆனியில் வரும் மிக நீண்ட பகலுக்கும் மார்கழியில் வரும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். கன்னியாகுமரிப் பக்கம் போனால் ஒரு மணி நேரம்கூட இல்லை. அதனால் நம் பூனைகளுக்கு வருஷம் முழுக்கவே கொஞ்சம் கொஞ்சமாக முடி கொட்டிக்கொண்டிருக்கும். மாசி, பங்குனியில் கொஞ்சம் கூடும். ராத்திரியிலும் விளக்கு எரியும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பூனைக்குப் பருவக் கணக்கு இன்னும் மழுங்கிப் போகும். “எங்க பூனைக்கு எந்நேரமும் முடி கொட்டுதே” என்று கேட்பவர்களின் பூனை பெரும்பாலும் வீட்டோடு இருக்கும் பூனையாகத்தான் இருக்கும்.

குட்டி போட்ட தாய்ப்பூனைக்குப் பால் கொடுக்கும் நாட்களில் முடி அதிகமாகக் கொட்டும். உடம்புச் சத்தெல்லாம் பாலுக்குப் போவதால் வருவது. தீவனத்தைக் கூட்டினால் குட்டிகள் பால் மறந்ததும் தானாகச் சரியாகும்.

வெயிலில் வைத்துப் பாருங்கள்

இயல்பா நோயா என்று கண்டுபிடிக்க ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம்.

முதலாவது, காலை வெயிலில் பூனையைத் திண்ணையில் உட்கார வைத்து, முடியை இரண்டு கையாலும் விலக்கித் தோலைப் பாருங்கள். முதுகு, வால் அடி, காது ஓரம், கழுத்து, தொடை உள்பக்கம் ஆகிய இடங்களைப் பார்த்தால் போதும். தோல் சுத்தமாக, செதில் இல்லாமல், சிவப்பு இல்லாமல் இருக்கிறதா? முடி எல்லா இடத்திலும் பரவலாகக் குறைகிறதே தவிர எங்கேயும் சொட்டை விழவில்லையா? பூனை வழக்கம்போல் சாப்பிடுகிறதா? அப்படியானால் இது பருவத்துக்குக் கொட்டும் முடி. மருந்து எதுவும் வேண்டாம்.

இரண்டாவது, பேன் சீப்பு சோதனை. பூனையின் வால் அடியிலும் முதுகிலும் பேன் சீப்பால் சீவி, வருவதை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். கறுப்பாக மிளகுத்தூள் போல் விழுந்தவை ஈரம் பட்டதும் செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூச்சி குடித்த ரத்தம்தான் அந்த நிறம். கரையாமல் கறுப்பாகவே கிடந்தால் வெறும் மண், தூசி. பூச்சி கண்ணில் படாவிட்டாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். வால் பக்கத்தில் காய்ந்த அரிசி போல ஏதாவது ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை விழுங்குவதால் வருவது. பூச்சி மருந்தோடு குடற்புழு நீக்கமும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

நோயாக இருந்தால் எப்படித் தெரியும்? வட்டமாக முடி கொட்டி, ஓரம் செதில் செதிலாக, முடி அடியோடு ஒடிந்தது போல் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இது பூஞ்சணத்தால் வருவது. முகத்திலும் காதிலும் காலிலும் அதிகம் பார்க்கலாம், குட்டிகளுக்குச் சீக்கிரம் தொற்றும். பூனையைத் தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளின் கையிலோ கழுத்திலோ அரிக்கும் வட்டம் வந்திருந்தால் இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். சில பூனைகளின் உடம்பில் ஒரு அடையாளமும் தெரியாது, ஆனால் அடுத்தவருக்குப் பரப்பும். உதிர்ந்த முடியில் இந்தப் பூஞ்சண வித்து மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூனைக்குக் கால்நடை மருத்துவரிடமும் பிள்ளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரே நேரத்தில் காட்டினால்தான் தீரும். வைத்தியம் வாரக்கணக்கில் நடக்கும். பாதியில் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும்.

காது ஓரத்தில் தொடங்கி, நெற்றி, முகம் என்று சாம்பல் நிறத்தில் தடித்த பொருக்குக் கட்டி, பூனை ரத்தம் வரும்வரை சொறிந்தால் அது சொறி நோய். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் துளை போட்டு வாழ்வதால் வருகிறது. நெருங்கிப் பழகும் மனிதருக்கும் கொஞ்ச நாள் அரிப்பு கொடுக்கும். ஊசியோ சொட்டு மருந்தோ போட்டால் நன்றாகக் குணமாகும் நோய்தான். ஆனால் அளவை மருத்துவர் எடை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் “ஒரு சொட்டு” எடுத்துப் பூனைக்கு விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. 400 கிலோ மாட்டுக்குச் செய்த மருந்தில் 3 கிலோ பூனைக்கு ஒரு சொட்டின் கணக்கை யாராலும் கண்ணால் அளக்க முடியாது. குட்டிகளுக்கு இது இன்னும் ஆபத்து.

வயிற்றுப் பக்கமோ தொடையோ மட்டும் மொட்டையாகி, தோல் நன்றாக இருந்தால், பூனை தானே நக்கி நக்கி முடியை எடுக்கிறது என்று பொருள். தெள்ளுப்பூச்சி அரிப்பு, உள்வலி, புது நாய் வீட்டுக்கு வந்த பயம் என்று காரணம் பல இருக்கலாம்.

மாட்டு மருந்து பூனைக்கு ஏன் விஷமாகிறது?

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். மாட்டு உண்ணிக்கு நாம் வாங்கும் மருந்துகளில் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். பாட்டிலின் முன்பக்கத்தில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கும். மருந்தின் பெயர் சின்ன எழுத்தில் பின்னால் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும்.

மாடு, ஆடு, நாய், மனிதன் எல்லோருடைய கல்லீரலும் இந்த மெத்ரின் வகை மருந்துகளை ஓரளவு வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. உள்ளே போன மருந்து போகாமல் நின்று நரம்பைத் தாக்கும். அதோடு, பூனை தன் உடம்பை நாள் முழுக்க நக்கும் பிராணி. நீங்கள் முதுகில் தடவியது கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். தோல் வழியாகவும் வாய் வழியாகவும் இரண்டு பக்கமும் விஷம் ஏறும். அமிட்ராஸ் வேறு விதம். பூனையை மயங்கவைத்து இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். நாய்க்கென்று விற்கும் பிடரிச் சொட்டு மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது நல்ல மருந்து, பூனைக்கு அதே சொட்டு எமன்.

பூனைக்கு நேரடியாகப் போடாவிட்டாலும் ஆபத்து இருக்கிறது. மாட்டுக்கு மருந்து துடைத்த அன்று உடம்பு ஈரம் காயும்வரை பூனையைக் கட்டுத்தறிப் பக்கம் விடாதீர்கள். வாளி, துணி, தெளிப்பான் எல்லாவற்றையும் கழுவி மூடி வையுங்கள். கழுவிய தண்ணீர் தேங்கி நின்றால் பூனை குடிக்கும், கோழியும் குடிக்கும்.

மருந்து பட்டுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு இரண்டு மூன்று முறை நன்றாகக் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், சூடு பட்டால் தோல் மருந்தை வேகமாக உறிஞ்சும். துவட்டி, துணியில் சுற்றி, நக்கவிடாமல் பிடித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்து பாட்டிலையும் எடுத்துப் போங்கள். பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். வெட்டு வந்த பூனைக்கு வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். நடுக்கம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் கழுவிக்கொண்டு நேரம் போக்காமல் கிளம்பிவிடுங்கள். நேரத்தில் கொண்டுபோனால் பிழைக்கும் பூனைகள் உண்டு.

நாட்டு மருந்துதானே என்று நினைப்பவற்றிலும் கவனம் வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது தோலை வெந்துபோகச் செய்யும், நக்கினால் நுரையீரலைக் கெடுக்கும். கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் பூனைக்கு ஆகாது. வேப்பெண்ணெயைப் பயிருக்குத் தெளிக்கிறோம், நம் தலையிலும் தேய்க்கிறோம், ஆனால் பூனை அதை நக்கி எச்சில் ஒழுக்கி நடுங்குவது உண்டு. இன்னொன்று, சம்பந்தம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். நாம் போடும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

சரி, தெள்ளுப்பூச்சி நிஜமாகவே இருந்தால் என்ன செய்வது? பூனைக்கென்றே, எடைக்கு ஏற்ற அளவில், பிடரியில் விடும் சொட்டு மருந்து கிடைக்கிறது. பெட்டியில் பூனைக்கு என்று போட்டிருக்கிறதா பாருங்கள், மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இவற்றில் சிலவற்றில் ஃபிப்ரோனில் இருக்கும். “இது நம்ம நெல்லுக்கு அடிக்கிற மருந்தாச்சே” என்று வயலுக்கு வாங்கியதை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். பெயர் ஒன்றுதான், செறிவும் கலவையும் வேறு. தெள்ளுப்பூச்சியின் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் பெரும்பகுதி பூனை மேல் இருப்பதில்லை, அது படுக்கும் சாக்கிலும் தரை விரிசலிலும்தான் இருக்கும். சாக்கைக் கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் போடாமல் மருந்து மட்டும் விட்டால் பதினைந்து நாளில் பழைய கதைதான்.

சீவிவிடுவதுதான் வைத்தியம்

தோல் சுத்தமாக இருந்து, முடி மட்டும் கொட்டும் பூனைக்கு ஒரே வைத்தியம் சீவிவிடுவது. உதிரப்போகும் முடியை வீட்டில் உதிர்வதற்கு முன்னால் நாமே எடுத்துவிடுகிறோம். வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து பத்து நிமிஷம் போதும். முடி அதிகம் கொட்டும் பங்குனியில் தினமும் செய்யலாம்.

கடையில் விலை உயர்ந்த பிரஷ் எல்லாம் இருக்கிறது. தேவையில்லை. பாத்திரம் கழுவ வைத்திருக்கும் ரப்பர் கையுறை ஒன்றைப் பூனைக்கென்று ஒதுக்குங்கள். லேசாக ஈரம் செய்து, தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவுங்கள். உதிர்முடி திரண்டு உருண்டையாக வரும். கையுறை இல்லாவிட்டால் வெறும் கையை நனைத்துத் தடவினாலும் பாதி முடி வந்துவிடும். குட்டிக்குப் பழைய பல் பிரஷ் போதும். பேன் சீப்பைச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அதால் இழுத்தால் தோல் கீறும்.

நேரம் முக்கியம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சொக்கிக் கிடக்கும்போது தொடங்குங்கள். முதலில் தாடை, கன்னம், கழுத்து. அங்கே தடவினால் தானே காட்டும். வயிற்றைத் தொடாதீர்கள், எவ்வளவு சாதுவான பூனையும் அங்கே கை வைத்தால் கவ்வும். வால் நுனி சாட்டை போல் ஆடத் தொடங்கினால், காது பின்னால் மடிந்தால், அன்றைக்கு அவ்வளவுதான், விட்டுவிடுங்கள். பிடித்து வைத்துச் சீவினால் அடுத்த நாள் உங்களைக் கண்டாலே ஓடும். பிள்ளைகள் செய்வதாக இருந்தால் பெரியவர் ஒருவர் கூட இருங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று விடக்கூடாது. வெறிநோய் பூனையாலும் வரும். நாய்க்குத் தடுப்பூசி போடும்போதே பூனைக்கும் போட்டுவிடுங்கள்.

சீவி எடுத்த முடியைக் காற்றில் விடாமல் ஒரு பையில் சேருங்கள். முடியில் தழைச்சத்து நிறைய உண்டு. மக்க நாளாகும் என்றாலும் எருக்குழியில் சாணத்தோடு போட்டுவைத்தால் வீணாகாது. ஆனால் படர்தாமரை, சொறி, தெள்ளுப்பூச்சி உள்ள பூனையின் முடியை எருக்குழியில் போடாதீர்கள். எரித்துவிடுங்கள்.

அடிக்கடி குளிப்பாட்ட வேண்டாம். பூனை தானே சுத்தம் செய்துகொள்ளும். மொட்டையடித்துவிட்டால் முடியே கொட்டாதே என்று கேட்பவர்களும் உண்டு. பூனையின் முடி வெயிலுக்கும் ஒரு கூரை மாதிரி. எடுத்துவிட்டால் தோல் நேராக வெயிலில் வேகும். வெள்ளைக் காது உள்ள பூனைகளுக்குக் காது நுனியில் வெயிலாலேயே ஆறாத புண் வந்து புற்றாக மாறுவது உண்டு.

சீவாமல் விட்டால் அந்த முடி எங்கே போகும்? பாதி உங்கள் வீட்டுக்கு, மீதி பூனையின் வயிற்றுக்கு. பூனை நாக்கில் பின்னோக்கி வளைந்த முள் முள்ளாக இருக்கும். நக்கும்போது அதில் மாட்டிய முடியைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் வேண்டும். எப்போதாவது ஒருமுறை நீளமான முடி உருண்டையை வாந்தியெடுத்தால் பயப்பட வேண்டாம். ஒன்றும் வெளியே வராமல் திரும்பத் திரும்ப ஓங்கரித்து, சாப்பிடாமல், வெளிக்குப் போகாமல் இருந்தால் குடலில் அடைத்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பால் குவளையும் நெல் மூட்டையும்

வீட்டைக் கூட்டும் முறையை மாற்றினாலே பாதி முடி அடங்கும். காய்ந்த தரையில் விளக்குமாறு போட்டால் முடி எழும்பிப் பறந்து, கூட்டி முடித்ததும் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள், அல்லது ஈரத்துணியால் முதலில் துடைத்துவிட்டுப் பிறகு கூட்டுங்கள். துடைக்கும் தண்ணீரில் பினாயில் ஊற்றுவது வழக்கம்தான். ஆனால் பூனை ஈரத் தரையில் நடந்து காலை நக்கும், பினாயில் அதற்கு ஆகாது. சோப்புத் தண்ணீர் போதும். பினாயில்தான் வேண்டுமென்றால் நல்ல தண்ணீரால் இன்னொரு முறை துடைத்து, காய்ந்த பிறகு பூனையை விடுங்கள்.

கோரைப் பாயின் இடுக்கில் ஏறிய முடி துடைத்தால் போகாது. வெளியே வெயிலில் கவிழ்த்துப் போட்டுத் தட்டுங்கள். போர்வையையும் ஜமுக்காளத்தையும் ஊறவைக்கும் முன்பு உதறுங்கள். முடியோடு ஊறவைத்தால் ஈர முடி நூலோடு பின்னிக்கொள்ளும், வாஷிங் மெஷின் என்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பூனைக்கு ஒரு இடம் கொடுத்துவிடுங்கள். மூலையில் ஒரு கோணிச்சாக்கு, முடிந்தால் கொஞ்சம் உயரத்தில், வெயில் படும் சன்னல் பக்கம். பூனை உயரத்தையும் கதகதப்பையும் தேடும் பிராணி, அதனால்தான் நெல் மூட்டையின் உச்சிக்குப் போகிறது. அதே போன்ற இடம் வேறெங்காவது கிடைத்தால் படுக்கையை மாற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை அந்தச் சாக்கை மட்டும் அலசிக் காயப்போட்டால் போதும்.

கறவை வைத்திருப்பவர்கள் பால் விஷயத்தில் கவனமாக இருங்கள். பால் கறக்கும் நேரத்தில்தான் பூனை வந்து காலைச் சுற்றும். வேட்டியில் ஒட்டிய முடி குவளையில் விழும். கறக்கும் முன் கையையும் முழங்கை வரைக்கும் கழுவி, கறந்த உடனே சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டி மூடிவிடுங்கள். “நுரைப் பால் கொஞ்சம் ஊத்துனாத்தான் போகும்” என்றால் கறந்து முடித்து மூடிய பிறகு, கட்டுத்தறிக்கு வெளியே ஊற்றுங்கள். கறக்கும் இடத்தில் ஊற்றிப் பழக்கினால் தினமும் அங்கேதான் நிற்கும்.

மாடியில் உளுந்து, மிளகாய், வடாம் காயவைத்தால் பழைய வலை ஒன்றை மேலே விரியுங்கள். முடியை விடப் பெரிய கவலை அதில் பூனை மலம் கழிப்பது. ஆடு வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பூனை மலத்தில் வரும் ஒருவகை நுண்ணுயிரி தீவனத்தில் கலந்தால் சினை ஆடுகளுக்குக் கரு கலையும். தீவன மூட்டையை வாய் கட்டி வையுங்கள். கர்ப்பிணிப் பெண்களும் பூனை மலத்தை அள்ளும் வேலையைச் செய்யக்கூடாது. முடியால் இந்த நோய் பரவுவதில்லை, மலத்தாலும் அது கலந்த மண்ணாலும்தான்.

தயிர் சோறு மட்டும் போதாது

முடி வறண்டு, பளபளப்பு இல்லாமல், வருஷம் முழுக்கக் கொட்டினால் தட்டைப் பாருங்கள். பல வீடுகளில் பூனைக்குப் பால் சோறு, தயிர் சோறு தவிர வேறு இல்லை. “எலி பிடிக்கிறதே” என்பார்கள். எலி தினமும் கிடைப்பதில்லை. பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னப் பிறந்த பிராணி. டாரின் என்று ஒரு சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது கிடைக்காத பூனைக்கு நாளடைவில் கண் பார்வையும் இதயமும் கெடும். 

செலவு அதிகம் ஆகாது. மீன் வாங்கும் நாளில் மத்தி, நெத்திலியின் தலையும் கழிவும் தனியாக வேகவைத்து, முள் எடுத்துப் போடுங்கள். கோழிக்கடையில் ஈரல், இதயம் மலிவாகக் கிடைக்கும். வாரம் இரண்டு வெந்த முட்டை கொடுக்கலாம். குழம்பு மீனைக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும், மீனைக் கழுவிப் போட்டாலும் குழம்பு உள்ளே ஊறியிருக்கும். கருவாட்டில் உப்பு அதிகம், வழக்கமாக வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, கழிச்சல் பிடிக்கும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். கோடையில் சட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

வீட்டில் வீசிங் உள்ள பிள்ளை இருந்தால்

பூனை முடி மூச்சில் போனால் ஆஸ்துமா வரும் என்ற பேச்சு ஊரில் உண்டு. அரைகுறை உண்மை. ஒவ்வாமையைத் தூண்டுவது முடியல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம். நக்கும்போது அது முடியில் காய்ந்து, பொடியாகிக் காற்றில் மிதக்கும். அதனால்தான் முடி கொட்டும் மாதத்தில் தும்மலும் இழுப்பும் கூடுகிறது. எல்லோருக்கும் வராது, ஒத்துக்கொள்ளாத உடம்புக்குத்தான் வரும்.

பிள்ளைக்கு இழுப்பு இருந்தால் பூனையைப் படுக்கும் அறைக்குள் விடாதீர்கள். பிள்ளையின் பாய், தலையணையைப் பூனை தொடாதபடி சுருட்டி மேலே வையுங்கள். சீவிவிடும் வேலையை வேறு யாராவது வெளியில் வைத்துச் செய்யட்டும். அதே நேரம் பழியை எல்லாம் பூனை மேலேயே போட்டுவிடாதீர்கள். அறுவடைக் காலத்து வைக்கோல் தூசி, பதர் தூற்றும் புழுதி, விறகுப் புகை, கரப்பான் பூச்சி எல்லாமே இழுப்பைக் கிளப்பும், அதுவும் இதே மாசி, பங்குனியில்தான். எது காரணம் என்று மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். பூனையைச் சாக்கில் கட்டிப் பக்கத்து ஊரில் விட்டுவிட்டு வந்தாலும் வீட்டில் படிந்த பொடி மாதக்கணக்கில் இருக்கும், இழுப்பு மறுநாளே நிற்காது. எலி மட்டும் மறுவாரமே வந்துவிடும்.

பூனைக்கு வைத்தியம் பார்க்க எங்கே போவது என்று தயங்க வேண்டாம். அரசு கால்நடை மருந்தகத்தில் ஆடு மாடு மட்டும்தான் பார்ப்பார்கள் என்பது தவறான எண்ணம், பூனையையும் கொண்டுபோகலாம். பழைய பழக்கூடையை இன்னொரு கூடையால் மூடிக் கட்டினால் வழியில் தப்பாது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. போகும்போது ஈரத்துணியில் தட்டிய அந்தப் பேன் சீப்பு முடியையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு உதவும்.

சீவி, தீவனத்தைத் திருத்தி, சாக்கை அலசியும் சித்திரை கடைசியில் முடி கொட்டுவது குறையவே இல்லை, அல்லது நடுவில் எங்காவது சொட்டை தெரிகிறது என்றால், அதற்கு மேல் வீட்டில் எதையும் முயன்று பார்க்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.